கடலும் இல்லை, ஆறும் இல்லை... பெங்களூரு எப்படித் தலைநகரம் ஆனது? நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ். திங்கட்கிழமை காலையில் தூக்கக் கண்ணோடு மெஜஸ்டிக்கில் இறங்கி, குளித்துவிட்டு அப்படியே ஆபீஸ். நடுவில் இருக்கும் ஐந்து நாளும் பி.ஜி., கேப், மீட்டிங், டிராஃபிக். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலருடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது. நாலைந்து வருஷம் இருந்தவர்களிடம்கூட, "இந்த ஊர்ல என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் லால்பாக், ரெண்டு மால், ஒரு தடவை நந்தி மலை. அதோடு பட்டியல் முடிந்துவிடும்.

சரி, அந்த மெஜஸ்டிக்கில் இருந்தே தொடங்குவோம். நீங்கள் இறங்கி நிற்கும் அந்தப் பேருந்து நிலையம் ஒரு காலத்தில் ஏரி. தர்மாம்புதி என்பது அதன் பெயர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கண்டீரவா ஸ்டேடியம்? அது சம்பங்கி ஏரி. கே.ஆர். மார்க்கெட் இருக்கும் இடம் சித்திகட்டே என்ற நீர்நிலை. கோரமங்களாவில் இருக்கும் நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் இன்னொரு ஏரி. தொம்மலூர் பக்கம் கோல்ஃப் மைதானம் இருக்கிறதே, அது செல்லகட்டா ஏரி.

எதற்கு இத்தனை ஏரிகள்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பெங்களூரின் மொத்த வரலாறும் இருக்கிறது.

சென்னை, மும்பை, கொழும்பு, தென் அமெரிக்காவின் லிமா, மான்டிவிடியோ என்று பல தலைநகரங்கள் கடலை நம்பி வளர்ந்தவை. டெல்லிக்கு யமுனை, லண்டனுக்கு தேம்ஸ் என்று மற்றவற்றுக்கு ஓர் ஆறு உண்டு. பெங்களூருக்கு இரண்டுமே கிடையாது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பெய்யும் மழை நிற்காமல் சரிந்து ஓடிவிடும். அதனால் இங்கே ஊர் கட்ட நினைத்தவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீரைத் தேக்க வேண்டியிருந்தது.

அதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா... இந்த 'சந்திரா' நிலா அல்ல, 'சமுத்திரம்'. பெரிய ஏரியை சமுத்திரம் என்று அழைப்பது பழைய வழக்கம். நம்ம அம்பாசமுத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடலே இல்லாத ஊரில் தெருவுக்குத் தெரு சமுத்திரம் இருப்பது இப்படித்தான்.

'வெந்த பயறு ஊர்' கதை உண்மையா?

பெங்களூரு பெயர்க் காரணமாக ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். ஹொய்சள மன்னர் இரண்டாம் வீர பல்லாளர் வேட்டைக்கு வந்து வழி தவறிவிட்டாராம். ஒரு பாட்டி அவருக்கு வேகவைத்த பயறு கொடுத்தாராம். அதனால் 'பெந்த காளூரு', அதாவது வெந்த பயறு ஊர். அது மருவி பெங்களூரு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. வீர பல்லாளர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்கு சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்வெட்டில் இந்தப் பெயர் வந்துவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டி போகும் வழியில் பேகூர் இருக்கிறது. அங்கே நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும் சுமார் கி.பி. 890ஆம் ஆண்டு நடுகல், 'பெங்களூரு' என்ற இடத்தில் நடந்த சண்டையைக் குறிப்பிடுகிறது. அப்போது இந்தப் பகுதியை ஆண்டவர்கள் கங்கர்கள்.

சுமார் 1004ஆம் ஆண்டில் கங்கர்களைச் சோழர்கள் வென்றார்கள். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளின் தடயத்தைப் பார்க்க வேண்டுமா? தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போங்கள். சுற்றிலும் ஐ.டி. அலுவலகங்கள். நடுவில் இருக்கும் இந்தக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் பெயர் அதில் 'தொம்பலூர்'. லஞ்ச் பிரேக்கில் நடந்து போகும் தூரத்தில் 700 வருஷப் பழைய தமிழ் எழுத்து இருப்பது, அங்கே வேலை பார்க்கும் பலருக்குத் தெரியாது.

கெம்பே கவுடா கட்டியது என்ன?

ஊரின் பெயர் பழையதாக இருந்தாலும், இன்றைய நகரத்துக்கு வித்து போட்டவர் முதலாம் கெம்பே கவுடா. எலகங்காவை மையமாகக் கொண்ட குறுநிலத் தலைவர். விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்டவர். 1537ல் மண் கோட்டை ஒன்றைக் கட்டி, அதற்குள் ஒரு சந்தை நகரத்தை உருவாக்கினார். நல்ல நாள் பார்த்து, நான்கு ஏர்களை நான்கு திசையிலும் ஓட்டச் சொல்லி, அந்த உழவுக் கோட்டின் மேல்தான் முதல் தெருக்களைப் போட்டார் என்பது மரபு வழிக் கதை.

அந்தச் சந்தை நகரம்தான் இன்றைய 'பேட்டே'. அக்கிப்பேட்டை அரிசிக்கு, அரளேப்பேட்டை பருத்திக்கு (இன்றைய காட்டன்பேட்டை), பளேப்பேட்டை வளையலுக்கு என்று தொழில்வாரியாகத் தெரு. தொட்டப்பேட்டை இன்றைக்கு அவென்யூ ரோடு. சிக்கப்பேட்டையில் பட்டும் ஜவுளியும் இன்றைக்கும் கைமாறுகின்றன.

சந்தை நடக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டுமே? எனவே கோட்டையைச் சுற்றி ஏரிகள் வெட்டப்பட்டன. தர்மாம்புதி, கெம்பாம்புதி எல்லாம் அந்தப் பரம்பரையின் வேலை. மேட்டு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலித் தொடராகத் தண்ணீர் போகும். இணைக்கும் கால்வாய்க்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கெம்பே கவுடா பரம்பரை எழுப்பிய நான்கு காவல் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன: லால்பாக் பாறை மேல், அல்சூரில், மேக்ரி சர்க்கிள் அருகே, கெம்பாம்புதி ஏரிக்கரையில். நகரம் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்ததாக ஒரு நம்பிக்கை. நகரம் கேட்கவில்லை!

லால்பாக் கோபுரம் நிற்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பாறை அது. அதன் மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம்.

தஞ்சாவூருக்கும் பெங்களூருக்கும் என்ன சம்பந்தம்?

1638ல் பீஜப்பூர் சுல்தானின் படை பெங்களூரைப் பிடித்தது. படையோடு வந்த மராட்டியத் தளபதி ஷாஜி போன்ஸ்லேவுக்கு இந்த ஊர் ஜாகீராகக் கொடுக்கப்பட்டது. ஆமாம், சத்ரபதி சிவாஜியின் தந்தைதான்.

ஷாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி. அவர் 1670களில் இங்கிருந்து கிளம்பிப் போய்த் தஞ்சாவூரைப் பிடித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்த சரபோஜி மன்னர் வரை, 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்த தஞ்சை மராட்டியர் வம்சம் இப்படித்தான் தொடங்கியது. அதன் வேர் பெங்களூரில் இருக்கிறது. மல்லேஸ்வரம் காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலுக்கு ஏகோஜி ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

பிறகு 1687ல் முகலாயர் கையில் விழுந்தது பெங்களூரு. அவர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை. மைசூரின் சிக்கதேவராஜ உடையாருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு டூ பெட்ரூம் வீட்டின் அட்வான்ஸ்தான் வரும்.

அடுத்து ஹைதர் அலி. 1760ல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். மண் கோட்டையைக் கல் கோட்டையாக வலுப்படுத்தியதும் அவரே. மகன் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை 1791ல் முடிந்தது. அதே வருஷம் மார்ச்சில் காரன்வாலிஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை கோட்டையைப் பிடித்தது. கோட்டையின் மிஞ்சிய பகுதியும், தேக்கு மரத் தூண்கள் கொண்ட அரண்மனையும் கே.ஆர். மார்க்கெட் அருகே நடந்து பார்க்கும் தூரத்தில் உள்ளன.

ஒரே ஊருக்குள் இரண்டு ஊர்கள்

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு, ஆங்கிலேயர் படை அங்கேயே தங்கியது. காவிரிக் கரையில் மலேரியா அவர்களை வாட்டி எடுத்தது. குளுகுளு மேட்டில் இருக்கும் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1809ல் அல்சூர் பக்கம் கன்டோன்மென்ட் உருவானது.

வந்தது மெட்ராஸ் மாகாணப் படை. எனவே கூடவே வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், கொத்தனார்கள், தையல்காரர்கள், சமையல்காரர்கள், மளிகை வியாபாரிகள். சிவாஜிநகர், அல்சூர், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் இன்றைக்கும் தெருவில் தமிழ் சரளமாகக் கேட்பது இதனால்தான்.

1864ல் முதல் ரயில் வந்தது. அதுவும் பழைய பேட்டைக்கு அல்ல. ஜோலார்பேட்டையில் இருந்து கன்டோன்மென்டுக்கு. அதே 1860களில்தான் கப்பன் பூங்காவில் நிற்கும் சிவப்பு நிற 'அட்டாரா கச்சேரி' கட்டப்பட்டது. இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம் அதுதான். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் ஆர்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873ல் தொடங்கிய பள்ளி, அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் கல்வி நிறுவனங்களாக வளர்ந்து நிற்கிறது.

கவனியுங்கள், இது வெறும் இரண்டு ஏரியா அல்ல, நிஜமாகவே இரண்டு ஊர். பேட்டை ஒரு நகராட்சி, கன்டோன்மென்ட் இன்னொன்று. 1881ல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும், கன்டோன்மென்டை மட்டும் ஆங்கிலேயர் விடவில்லை. 1947 வரை அது அவர்கள் கையில் இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே எல்லைக்கோடு போலக் கிடந்தது 1870ல் உருவான கப்பன் பூங்கா. 1949ல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. காந்தி பஜாருக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கும் இடையே பேச்சு, சாப்பாடு, கட்டடம் எல்லாம் மாறுவது ஏன் என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

அப்போ தமிழர்கள் ஆங்கிலேயரோடுதான் வந்தார்களா?

இல்லை. அதற்கு முன்பே வந்தவர்கள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள, சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பேட்டைக்குப் போக வேண்டும்.

அன்றைக்குத் தர்மராய சுவாமி கோயிலில் இருந்து பெங்களூரு கரகம் புறப்படும். பெண் வேடமிட்ட பூசாரி, பூவால் மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து விடிய விடியத் தெருக்களில் போவார். சுற்றிலும் கையில் வாளோடு வீரகுமாரர்கள். கரகம் என்பது இங்கே திரௌபதி. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகவே தெரியாது.

இதை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தினர். பரம்பரைத் தோட்டக்காரர்கள். தமிழ் வேர் உடையவர்கள். தமிழ் கலந்த பேச்சு வீட்டில் இன்னும் உள்ள குடும்பங்கள் உண்டு. தோட்டம் என்றால் ஏரித் தண்ணீர். அதனால் கரகத்தின் சடங்குகள் ஏரியோடு பின்னியவை. ஊர்வலம் வழியில் காட்டன்பேட்டையில் இருக்கும் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய் வரும்.

சம்பங்கி ஏரியை ஸ்டேடியம் ஆக்கினார்கள் என்று சொன்னோம் இல்லையா? அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் குளமாக இன்றும் விட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கரகச் சடங்குக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக. ஒரு திருவிழா இருந்ததால் அந்த ஏரியில் அவ்வளவாவது மிஞ்சியது.

ஏரிகள் போனால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர். சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கப்பன் பூங்காவில் அவர் சிலையும் உண்டு. அவர் காலத்தில்தான், 1890களில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியில் இருந்து குழாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. சிவனசமுத்திரத்தில் நீர்மின் திட்டத்துக்கு அடி போட்டவரும் அவரே. அந்த மின்சாரத்தில் 1905ல் பெங்களூரு தெருக்களில் விளக்கு எரிந்தது.

குழாய்த் தண்ணீர் வசதிதான். ஆனால் ஒரு பக்கவிளைவு இருந்தது. தண்ணீர் தூரத்தில் இருந்து வர ஆரம்பித்ததும், ஊருக்குள் இருந்த ஏரி மக்களுக்குத் தேவைப்படாத காலி மனையாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று, ஸ்டேடியத்துக்கு ஒன்று, லே-அவுட்டுக்கு ஒன்று என்று போயின.

நகரம் வளர, ஹெசரகட்டா போதவில்லை. 1930களில் திப்பகொண்டனஹள்ளி அணை. அதுவும் போதாமல், 1974ல் காவிரி முதல் கட்டத் திட்டம். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தோடு நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. அதற்கு முன் வந்துகொண்டிருந்தது சுமார் 145 கோடி லிட்டர். அந்த வருஷக் கோடையில் போர்வெல்கள் வறண்டு, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் டேங்கர் லாரிக்கு அடிதடி நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நடுவில் ஐ.டி. எப்படி வந்தது?

சுருக்கமாகச் சொன்னால், ஐ.டி. வானத்தில் இருந்து குதிக்கவில்லை. 1909ல் டாடாவின் திட்டமும் மைசூர் அரசின் நிலமும் சேர்ந்து இந்திய அறிவியல் கழகம் உருவானது. 1940ல் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். அதன் பிறகு ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று வரிசையாகப் பொதுத்துறை நிறுவனங்கள். கடலும் எல்லையும் தூரத்தில் இருப்பது பாதுகாப்புத் தொழிலுக்கு வசதியாகப் போனது. கடல் இல்லாதது லாபமாக மாறியது இந்த ஒரு இடத்தில்தான்!

1970களின் கடைசியில் எலக்ட்ரானிக் சிட்டி திட்டமிடப்பட்டது. 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. செயற்கைக்கோள் வழியாகத் தன் மென்பொருளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சரக்கு ஏற்ற இனித் துறைமுகம் தேவையில்லை என்றானது. 1880களில் ஆங்கிலோ இந்தியர்களுக்கான விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஒயிட்ஃபீல்டு, கண்ணாடிக் கட்டடக் காடாக மாறியது அதற்குப் பிறகுதான்.

பெங்களூரில் பெய்யும் மழை எங்கே போகிறது?

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

பெங்களூரு ஒரு மேட்டின் முதுகு என்று சொன்னோம். வீட்டுக்கூரையின் முகட்டில் விழும் மழை இரண்டு பக்கமும் வழிவது மாதிரி, இங்கே விழும் மழையும் இரண்டாகப் பிரிகிறது.

மேற்கே விழுவது விருஷபாவதி வழியாக அர்க்காவதி, அங்கிருந்து காவிரி. அப்புறம் மேட்டூர், பூம்புகார்.

கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினி. அந்த ஆறு எல்லை தாண்டினால் பெயர் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்.

ஆக, கடலில்லாத இந்தத் தலைநகரத்தின் இரண்டு முகத்துவாரங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மழைநீர் மட்டும் போவதில்லை, கழிவுநீரும் போகிறது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி ரோட்டுக்கு வந்ததையும், 2018 ஜனவரியில் ஏரியே தீப்பிடித்து எரிந்ததையும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதே நுரை கெலவரப்பள்ளி அணையின் மதகிலும் பொங்குகிறது. உங்கள் அபார்ட்மென்டில் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடவில்லை என்றால், அதன் விளைவு ஓசூர் விவசாயியின் வயலில் தெரியும்.

காவிரி வழக்கிலும் இந்த மேடு ஒரு விஷயமானது. நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகையில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டது. 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முழு நகரத்தின் குடிநீர்த் தேவையையும் கணக்கில் எடுத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய அளவு 177.25 டி.எம்.சி. என்றானது.

இந்தத் தண்ணீருக்காகவே 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஊரில் தமிழர்கள் பயத்தில் வாழ்ந்த நாட்கள் உண்டு. அல்சூர் ஏரிக்கு அருகே 1991ல் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலை திறந்ததால் காவிரிச் சிக்கல் தீரவில்லைதான். ஆனால் இரண்டு மாநிலங்களும் பேசிக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நல்ல செய்திகளும் இருக்கின்றன. 2009 முதல் பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2018 முதல் நகரத்தின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குப் போகிறது. சர்ஜாபூர் ரோட்டில் கைகொண்டரஹள்ளி ஏரி, வடக்கே ஜக்கூர் ஏரி இரண்டும் மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டெடுத்தவை. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கி, ஆட்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்களே, அப்போது எல்லோர் வாயிலும் வந்த வார்த்தை எது தெரியுமா? ராஜகாலுவே. அடைபட்ட அந்தப் பழைய கால்வாய்கள்தான்.

மூன்று சனிக்கிழமை போதும்: எங்கே, எப்படிப் போவது?

முதல் சனிக்கிழமை, பழைய ஊர். மெட்ரோ பச்சை வழித்தடம். காலை ஆறு மணிக்கே கே.ஆர். மார்க்கெட் போய்விடுங்கள், பூச்சந்தை அப்போதுதான் களைகட்டும். கோட்டை, திப்பு அரண்மனை, அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகள், சிக்கப்பேட்டை. பிறகு லால்பாக். 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையில் ஜனவரி, ஆகஸ்டில் மலர்க் கண்காட்சி நடக்கும். மாலையில் பசவனகுடி காளை கோயில், காந்தி பஜாரில் தோசை. கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை வந்தால் 'கடலேகாய் பரிஷே', அதாவது நிலக்கடலைத் திருவிழா. தெரு முழுக்க வேர்க்கடலை மலையாகக் குவிந்திருக்கும்.

இரண்டாவது சனிக்கிழமை, கன்டோன்மென்ட். ஊதா வழித்தடம். 1956ல் கட்டி முடித்த விதான சௌதா, எதிரே அட்டாரா கச்சேரி, கப்பன் பூங்கா, கஸ்தூர்பா ரோடு அரசு அருங்காட்சியகம். ஹலசூரு நிலையத்தில் இறங்கினால் சோமேஸ்வரர் கோயில், அல்சூர் ஏரி, வள்ளுவர் சிலை. அங்கிருந்து ஆட்டோவில் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா, ரஸ்ஸல் மார்க்கெட். செப்டம்பர் 8 பெருவிழா சமயத்தில் போனால், வேளாங்கண்ணியில் நிற்பது போலவே இருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை, தண்ணீரின் வழி. காலையில் மல்லேஸ்வரம் காடு மல்லேஸ்வரர் கோயில். எதிரே நந்தி வாயில் இருந்து நீர் ஊற்றும் தீர்த்தக் குளம். அங்கிருந்து சம்பங்கிக் குளத்தின் மிச்சம். மத்தியானம் தொம்மலூர் கல்வெட்டு. வெயில் தாழ்ந்ததும் கைகொண்டரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு நடை. திரும்பும்போது பெல்லந்தூர் ஏரியை ஓரமாக நின்று பாருங்கள். இரண்டு ஏரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

போகும்போது நாலு வார்த்தை கன்னடம் தெரிந்தால் நல்லது. 'கெரே எல்லிதே?' என்றால் ஏரி எங்கே இருக்கிறது? 'நீரு' என்றால் தண்ணீர். நம்ம 'நீர்'தான், கஷ்டமே இல்லை.

அடுத்த மாதம் அபார்ட்மென்ட் கூட்டத்துக்கோ, பி.ஜி. ஓனரிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்ம கழிவுநீர் எங்கே போகுது?" பதில் தெரியாமல் அவர் முழித்தால், உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் ஏறும் அதே பஸ் போகும் திசையில்தான் அதுவும் போகிறது. ஓசூரைத் தாண்டி, நம்ம ஊருக்கு.